மலிவு விலை டிஜிட்டல் கேமராவின் வரலாறு

மலிவு விலை டிஜிட்டல் கேமரா என்பது தொழில்முறைப் படக்கலைஞர் அல்லாத சாதாரண மக்கள் தம் வருமானத்துக்குள் வாங்கக்கூடிய டிஜிட்டல் கேமராவைக் குறிக்கும். 1990களின் நடுவில் தோன்றிய இந்த வகை 2000களில் உலகெங்கும் பரவியது. 2010க்குப் பின் கைப்பேசியின் வருகையால் வேகமாகச் சுருங்கியது. கேமரா வாங்குபவரின் கையில் இருந்த தொகை குறைவாக இருந்தபோது எந்தெந்த வசதிகள் அவருக்குக் கிடைத்தன, எவை மறுக்கப்பட்டன, எந்த எண்ணைப் பார்த்து அவர் தேர்ந்தெடுக்கப் பழக்கப்பட்டார் என்பவை இந்த வரலாற்றின் முக்கியமான பகுதிகள். தொழில்நுட்ப வளர்ச்சி இதில் பாதிக் கதைதான். மீதிப் பாதி விலை நிர்ணயத்தின் கதை.

பின்னணி: ஒரு டாலர் கேமரா

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் வெளியிட்ட முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். அதற்குள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகரில் இருந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி, புதிய சுருள் போட்டுத் திருப்பி அனுப்பினர். அன்றைய உழைப்பாளிக்கு 25 டாலர் பல வாரக் கூலி.

1900இல் அதே நிறுவனம் பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. ஆறு படங்கள் எடுக்கக்கூடிய சுருளின் விலை 15 சென்ட். முதல் ஆண்டிலேயே 1,50,000க்கும் மேற்பட்ட பிரவுனிகள் விற்றன. கோடாக்கின் உண்மையான வருமானம் கேமராவில் இல்லை, சுருளிலும் அதைக் கழுவும் வேதிப்பொருள்களிலும் தாளிலும்தான் இருந்தது. எனவே கேமராவை எவ்வளவு மலிவாக விற்றாலும் நிறுவனத்துக்கு லாபமே. இந்தக் கணக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீடித்தது. 1986இல் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமராவை அறிமுகம் செய்தபோது அது தன் எல்லையைத் தொட்டது. அங்கே கேமரா என்பது ஃபிலிமைச் சுற்றிய ஓர் உறை, அவ்வளவுதான்.

இந்தியாவிலும் இந்த ஏற்பாடே வேறு வடிவத்தில் இருந்தது. இங்கேயே தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமராக்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டின. 120 அளவுச் சுருளில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். 1960இல் இந்திய அரசு உதகமண்டலத்தில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்தது. கேமரா வாங்கியவர் ஒவ்வொரு சுருளுக்கும் கழுவுதலுக்கும் அச்சுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்தார். கையில் காசு இருக்கும் மாதம் படம் எடுக்கலாம், இல்லாத மாதம் கேமரா அலமாரியில் இருக்கும். செலவு சிறு சிறு தவணைகளாகப் பிரிந்திருந்தது என்பதே ஃபிலிம் காலத்தின் சலுகை.

டிஜிட்டல் கேமரா இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. படம் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு ஏறத்தாழ இல்லாமல் போனது. ஆனால் மொத்தப் பணத்தையும் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டியிருந்தது. ஃபிலிமில் சம்பாதிக்க வழியில்லாததால் நிறுவனங்களும் தம் லாபம் முழுவதையும் கேமராவிலிருந்தே எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தன. ஒரு கேமராவைப் பத்து ஆண்டுகள் வைத்திருப்பவர் ஃபிலிம் காலத்தில் நல்ல வாடிக்கையாளர். டிஜிட்டல் காலத்தில் அவர் நிறுவனத்துக்குப் பயனற்றவர். பின்னாளில் மெகாபிக்சல் போட்டி என்று அறியப்பட்டது இந்த மாற்றத்திலிருந்தே பிறந்தது.

தொழில்நுட்பத்தின் தொடக்கம்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற மின்னணுச் சில்லை உருவாக்கினர். இதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஒளியை மின்னேற்றமாக மாற்றி, வரிசை வரிசையாக நகர்த்திப் படிப்பது இதன் செயல்முறை.

1975இல் கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இந்த வகைச் சில்லைக் கொண்டு கையில் தூக்கக்கூடிய ஒரு கேமராவைச் செய்தார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. 100க்கு 100 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 விநாடி எடுத்துக்கொண்டது. படத்தைத் தொலைக்காட்சித் திரையில் பார்க்க வேண்டும். அதே காலத்தில் கோடாக்கின் மற்றோர் ஆய்வாளர் பிரைஸ் பேயர், சில்லின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி வண்ணப் படம் பெறும் முறைக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். மனிதக் கண் பச்சைக்கு அதிக நுட்பம் காட்டுவதால் கட்டங்களில் பாதி பச்சையாகவும், சிவப்பும் நீலமும் கால் பங்கு வீதமும் இருந்தன. இன்றைய கைப்பேசிக் கேமராக்களிலும் பெரும்பாலும் இதன் வடிவங்களே உள்ளன. மலிவு விலைக் கேமராவுக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் மூன்று நிறங்களுக்கு மூன்று சில்லுகள் வைக்க வேண்டிய தேவையை அது நீக்கியது.

1981இல் சோனி காட்டிய மாவிகா பெரும்பாலும் முதல் டிஜிட்டல் கேமரா என்று தவறாகச் சொல்லப்படுகிறது. அது காணொளிச் சமிக்ஞையை அனலாக் முறையில் சிறு காந்த வட்டில் பதிந்த கருவி. 1991இல் கோடாக் வெளியிட்ட டி.சி.எஸ். என்ற கருவி நிக்கான் எஃப் 3 கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சில்லைப் பொருத்தியது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியாகச் சுமக்க வேண்டும். விலை 20,000 டாலர் அளவில் இருந்தது. செய்தி நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அதை எண்ணிப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் வந்த முதல் கேமராக்கள்

1994இல் ஆப்பிள் நிறுவனம் குவிக்டேக் 100 என்ற கேமராவை 749 டாலருக்கு விற்றது. இதைத் தயாரிப்பதில் கோடாக் பங்கு கொண்டது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட எட்டுப் படங்கள் மட்டுமே அதன் நினைவகத்தில் கொள்ளும். எடுத்த படத்தைக் கேமராவிலேயே பார்க்கத் திரை கிடையாது. படங்களை இறக்கக் கணினி வேண்டும். அன்று வீட்டுக் கணினி கேமராவைவிடப் பல மடங்கு விலை கூடியது என்பதால், குவிக்டேக்கின் உண்மை விலை அதன் பெட்டியில் எழுதியிருந்ததல்ல. வாங்குபவரின் கணக்கில் வராத செலவு என்ற விஷயம் இங்கேயே தொடங்கிவிட்டது.

1995இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் க்யூ.வி.-10 என்ற கேமராவை 65,000 யென்னுக்கு வெளியிட்டது. 1.8 அங்குல எல்.சி.டி. திரை அதன் பின்புறம் இருந்தது. லென்ஸ் பகுதியை மட்டும் தனியே திருப்பலாம். 2 மெகாபைட் உள் நினைவகத்தில் 96 சிறு படங்கள் அடங்கின. படத்தின் தரம் அன்றைய மலிவான ஃபிலிம் கேமராவைவிட மிகக் கீழானது. இருந்தும் அது வரவேற்கப்பட்டதற்குக் காரணம் அந்தத் திரை. எடுத்த படம் சரியாக வந்ததா என்று அந்த இடத்திலேயே பார்க்கவும், பிடிக்காததை அழிக்கவும் முடிந்தது. சுருள் வீணாகுமோ என்ற பயத்துடன் படம் எடுக்கப் பழகிய மக்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

1997இல் சோனி வெளியிட்ட டிஜிட்டல் மாவிகா வரிசை, சாதாரண 3.5 அங்குல நெகிழ்வட்டில் படத்தைப் பதிந்தது. கேமரா பெரிதாகவும் பருமனாகவும் இருந்தது. ஆனால் நெகிழ்வட்டு எங்கும் மலிவாகக் கிடைத்தது, எந்தக் கணினியிலும் திறந்தது. பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் அதை விரும்பியதற்கு இதுவே காரணம். அதைவிடச் சிறிய, அதைவிட அழகான கேமராக்கள் சந்தையில் இருந்தபோதும் அது விற்றது.

மெகாபிக்சல் என்ற எண்

1990களின் இறுதியில் ஒரு மெகாபிக்சலைத் தாண்டிய கேமராக்கள் வீட்டு உபயோகத்துக்கு வந்தன. அதன்பின் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண் உயர்ந்தது: 2, 3, 4, 5. தொடக்கத்தில் இந்த உயர்வுக்கு நியாயம் இருந்தது. 6க்கு 4 அங்குல அச்சு ஒன்றை நல்ல தரத்தில் எடுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 1800க்கு 1200 புள்ளிகள் தேவை. இது சுமார் 2.2 மெகாபிக்சல். எனவே 0.3 மெகாபிக்சலிலிருந்து 2 மெகாபிக்சலுக்கு மாறியவர் உண்மையாகவே பெரும் பயன் பெற்றார். ஆல்பத்தில் ஒட்டும் அளவுப் படத்தை அவர் முதன்முறையாக டிஜிட்டலில் பெற்றார்.

அதற்குப் பிறகு எண்ணுக்கும் பயனுக்கும் இடையே இடைவெளி விழுந்தது. மெகாபிக்சல் என்பது பரப்பின் அளவு, நீளத்தின் அளவு அல்ல. படத்தின் அகலத்தை இரு மடங்காக்க மெகாபிக்சலை நான்கு மடங்காக்க வேண்டும். 5 மெகாபிக்சலிலிருந்து 6க்கு மாறினால் அகலம் பத்து சதவீதம்கூடக் கூடுவதில்லை. கடைக்காரர் சொல்லும் விலை வேறுபாடோ அதைவிட அதிகம். 6 மெகாபிக்சல் படம் 10 அங்குல அகல அச்சுக்குப் போதுமானது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த அளவுக்கு அச்சு எடுப்பதே அரிது.

சில நிறுவனங்கள் எண்ணையே வளைத்தன. 2000இல் ஃபூஜி வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் 4700 கேமராவின் சில்லில் 2.4 மெகாபிக்சல்தான் இருந்தது. ஆனால் அது 4.3 மெகாபிக்சல் அளவுள்ள கோப்புகளை உருவாக்கியது. புள்ளிகளைச் சாய்வாக அடுக்கிய தனி வடிவமைப்பு இதற்கு இடம் தருவதாக நிறுவனம் கூறியது. இடைப்பட்ட புள்ளிகள் கணக்கிட்டு நிரப்பப்பட்டவை என்று விமர்சகர்கள் வாதிட்டனர். இத்தகைய குழப்பங்களின் பின்னணியில் ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கம் 2001இல் விளம்பரங்களில் எண்களைக் குறிப்பிடுவதற்கான நெறிமுறையை வகுத்தது. உண்மையில் படத்துக்குப் பயன்படும் புள்ளிகளைப் 'பயனுறு பிக்சல்' என்று தனியாகக் குறிப்பிடும் வழக்கம் அதிலிருந்து நிலைபெற்றது. பெயர் தெரியாத நிறுவனங்களின் மிக மலிவான கேமராக்களை இந்த நெறிமுறை கட்டுப்படுத்தவில்லை. பெரிய எழுத்தில் 12 மெகாபிக்சல் என்று அச்சிட்டு, உள்ளே 5 மெகாபிக்சல் சில்லு வைத்த கேமராக்கள் சந்தையில் தொடர்ந்தன. டிஜிட்டல் ஜூம் என்ற எண்ணும் இதே வகையைச் சேர்ந்தது. லென்ஸ் நகராமல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே அது. கணினியில் யாரும் அதைச் செய்துகொள்ளலாம்.

சொல்லப்படாத அளவு

விளம்பரங்கள் பெரிதாகக் காட்டாத அளவு ஒன்று இருந்தது. அது சென்சார் எனப்படும் ஒளியுணர் சில்லின் பரப்பு. 2000களின் நடுவில் வந்த பெரும்பாலான மலிவுக் கேமராக்களில் 1/2.5 அங்குலம் என்று குறிக்கப்பட்ட சில்லு இருந்தது. இதைப் படிப்பவர் சில்லின் மூலைவிட்டம் 10 மி.மீ. என்று நினைப்பார். உண்மையில் அது சுமார் 7 மி.மீ. மட்டுமே. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை அளந்த வழக்கம், குழாய் மறைந்த பின்னும் தொடர்ந்ததால் வந்த குழப்பம் இது.

அந்தச் சில்லின் பரப்பு சுமார் 25 சதுர மி.மீ. அதே காலத்து எஸ்.எல்.ஆர். வகை டிஜிட்டல் கேமராவின் சில்லோ 340 சதுர மி.மீ. அளவில் இருந்தது. ஒரே அளவு சில்லில் மேலும் மேலும் புள்ளிகளை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளியும் சிறிதாகும், அதில் விழும் ஒளியும் குறையும். பகல் வெளிச்சத்தில் இது தெரியாது. திருமண மண்டபத்திலும் மாலை நேர வீட்டுக்குள்ளும் தெரியும். படம் முழுவதும் நிறப்புள்ளிகள் தூவியதுபோல இரைச்சல் வரும். அதை மறைக்க கேமராவின் உள்மென்பொருள் படத்தைத் தேய்த்து மென்மையாக்கும். முகத்தின் நுண்ணிய கோடுகளும் துணியின் நெசவும் அதோடு போய்விடும். பெரும்பாலான குடும்பப் படங்கள் எடுக்கப்பட்ட இடம் இந்த மங்கிய வெளிச்சம்தான் என்பதால், மெகாபிக்சலைக் கூட்டிய நிறுவனங்கள் வாங்கியவருக்கு எங்கே தேவையோ அங்கேயே தரத்தைக் குறைத்தன என்று சொல்லலாம்.

இந்தப் போக்கு வெளிப்படையாகத் திரும்பிய இடம் 2009. கேனான் தன் பவர்ஷாட் ஜி வரிசையில் 2007இல் 12 மெகாபிக்சலும் 2008இல் 14.7 மெகாபிக்சலும் கொண்ட கேமராக்களை வெளியிட்டிருந்தது. 2009இல் வந்த ஜி 11 கேமராவில் அதை 10 மெகாபிக்சலாகக் குறைத்தது. மங்கிய ஒளியில் படம் மேம்படுவதற்காகவே இந்த மாற்றம் என்று நிறுவனமே முன்வைத்தது. ஆனால் ஜி வரிசை விலை கூடியது, விவரம் அறிந்தவர்கள் வாங்குவது. மலிவு வரிசைகளில் எண் தொடர்ந்து ஏறியது. 16, 20 என்று போனது. உண்மையைக் கேட்க விலை கொடுக்க வேண்டியிருந்தது.

பேட்டரி, அட்டை, கம்பி

கேமராவின் விலையை மட்டும் கையில் வைத்திருந்தவர் கடையை விட்டு வெளியே வந்த பின்தான் மீதிச் செலவை அறிந்தார். 2000களின் தொடக்கத்தில் பெட்டிக்குள் வந்த நினைவக அட்டை பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட் கொண்டது. 4 மெகாபிக்சல் படம் ஒன்று 2 மெகாபைட் அளவில் இருந்தால் எட்டுப் படங்களில் அட்டை நிரம்பிவிடும். குவிக்டேக் காலத்தின் எண்ணிக்கையே மீண்டும் வந்தது.

அட்டைகளின் வகைகளும் பல. 1994இல் சாண்டிஸ்க் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ், அதையடுத்து டோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் பானாசோனிக், சாண்டிஸ்க், டோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்.டி., 2002இல் ஒலிம்பஸும் ஃபூஜியும் கொண்டுவந்த எக்ஸ்.டி. எனச் சந்தை பிளவுபட்டிருந்தது. எஸ்.டி. அட்டையைப் பல நிறுவனங்கள் தயாரித்ததால் அதன் விலை வேகமாக இறங்கியது. எக்ஸ்.டி., மெமரி ஸ்டிக் இரண்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனவே ஒரே விலையில் இரண்டு கேமராக்கள் இருந்தால் எஸ்.டி. அட்டை ஏற்பதே சிக்கனமானது. இதைக் கவனித்தவர்கள் குறைவு. 2010 வாக்கில் ஒலிம்பஸும் சோனியும் தம் கேமராக்களில் எஸ்.டி. அட்டையை ஏற்றுக்கொண்டன.

பேட்டரியிலும் இரு வழிகள் இருந்தன. கேனான் பவர்ஷாட் ஏ வரிசை உள்ளிட்ட பல மலிவுக் கேமராக்கள் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏ.ஏ. பேட்டரியில் இயங்கின. சாதாரண பேட்டரிகள் சில படங்களிலேயே தீர்ந்துவிடும். மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் நன்றாக உழைத்தன, ஆனால் அலமாரியில் சும்மா இருந்தாலும் சில வாரங்களில் மின்னேற்றம் இழந்தன. 2005 இறுதியில் சான்யோ வெளியிட்ட எனிலூப் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. மற்றொரு வழி, கேமராவுக்கென்றே செய்த லித்தியம் பேட்டரி. எடை குறைவு, நீண்ட நேரம் உழைக்கும். ஆனால் மாடல் நின்றதும் பேட்டரியும் கிடைக்காது.

ஆயிரம் டாலர் எல்லை

லென்ஸ் மாற்றக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமராக்களின் விலை வரலாறு தனியானது. 1999இல் நிக்கான் டி1 5,000 டாலரைத் தாண்டியது. 2000இல் கேனான் டி30 3,000 டாலர் அளவில் வந்தது. 2003 ஆகஸ்டில் கேனான் ஈ.ஓ.எஸ். 300டி கேமராவை 899 டாலருக்கு அறிவித்தது. 18-55 மி.மீ. லென்ஸுடன் 999 டாலர். அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபல் என்றும் ஜப்பானில் கிஸ் டிஜிட்டல் என்றும் இது அழைக்கப்பட்டது. மாணவர்களும் சிறு ஊர் ஸ்டுடியோக்காரர்களும் எட்டிப் பார்க்கக்கூடிய முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இதுவே.

அந்த விலைக்கு எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது கவனத்துக்குரியது. 300டியில் இருந்த 6.3 மெகாபிக்சல் சில்லும் படச்செயலியும், அதே ஆண்டு பலமடங்கு உறுதியான உடலுடன் கூடுதல் விலைக்கு விற்ற 10டி கேமராவில் இருந்தவையே. வேறுபாட்டில் ஒரு பகுதி பொருளில் இருந்தது. உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக், கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில் ஆடிகள். மற்றொரு பகுதி உள்மென்பொருளில் மட்டுமே இருந்தது. ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைத்தல் போன்ற சில வசதிகள் கருவியால் இயலும் என்றாலும் பயனருக்குத் திறக்கப்படவில்லை. ஆர்வலர்கள் உள்மென்பொருளை மாற்றியமைத்து அவற்றைத் திறந்துகாட்டியபோதுதான் இது பரவலாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் பவர்ஷாட் கேமராக்களுக்கும் சி.எச்.டி.கே. என்ற தன்னார்வ மென்பொருள் வந்தது. அட்டையிலிருந்து இயங்கும் இது, மலிவான கேமராவிலும் பதப்படுத்தாத ரா கோப்புகளை எடுக்கவும் இடைவெளி விட்டுத் தானே படம் எடுக்கவும் வழிசெய்தது. மலிவுக் கேமரா முழுவதும் திறன் குறைந்ததால் மலிவாக இருக்கவில்லை. விலை கூடிய மாடலின் விற்பனையைக் காக்கவும் அது குறைக்கப்பட்டிருந்தது.

நிக்கான் 2006 நவம்பரில் வெளியிட்ட டி40, லென்ஸுடன் 599 டாலருக்கு வந்தது. 6 மெகாபிக்சல் என்று ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் அதன் படத்தரம் குறையாதது. அதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. தானாகக் குவியம் செய்யும் மோட்டார் கேமராவின் உடலில் இல்லை. மோட்டார் உள்ளடங்கிய புதிய லென்ஸ்களில் மட்டுமே தானியங்கிக் குவியம் நடக்கும். பழைய, மலிவான 50 மி.மீ. லென்ஸை இரண்டாம் கையாக வாங்கிப் பயன்படுத்த நினைத்தவர் கையால் குவியம் செய்ய வேண்டியதாயிற்று. கேமராவில் மிச்சமான பணம் லென்ஸில் போனது. கேனான் பக்கம் 1990 முதல் விற்கப்பட்ட பிளாஸ்டிக் உடல் கொண்ட 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எந்த ஈ.ஓ.எஸ். கேமராவிலும் தானாகக் குவியம் செய்தது. மங்கிய வெளிச்சத்தில் கிட் லென்ஸைவிட அது பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. குறைந்த பணத்தில் படத்தரத்தை உயர்த்திய பொருள்களைப் பட்டியலிட்டால் எந்தக் கேமராவைவிடவும் இந்த லென்ஸுக்கு முதலிடம் தரலாம். டி40 வெளியான நான்கே மாதத்தில், 2007 மார்ச்சில், 10 மெகாபிக்சலுடன் டி40எக்ஸ் கூடுதல் விலைக்கு வந்தது.

வெப்பமும் ஈரமும்

2005 அக்டோபரில் கேனான், நிக்கான், ஃபூஜி, கோனிகா மினோல்டா உள்ளிட்ட பல நிறுவனங்கள் தம் குறிப்பிட்ட மாடல்களை இலவசமாகப் பழுதுநீக்கித் தருவதாக அடுத்தடுத்து அறிவித்தன. எல்லாவற்றிலும் சோனி தயாரித்த சி.சி.டி. இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய சூழலில் சில்லின் உள் இணைப்புகள் விட்டுப்போய், படம் சிதைந்தோ முழுக்கக் கறுத்தோ வந்தது. பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே பொருளாக இருக்கலாம் என்பதை வாங்குபவர்கள் அப்போது அறிந்தனர். கடலோர வெப்பமண்டல ஊர்களில் இரண்டாம் கைக் கேமரா வாங்குவோருக்கு இந்த அறிவிப்பு நேரடியாகப் பொருந்தியது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதும் இத்தகைய ஊர்களின் நிரந்தரத் தொல்லை. சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது மலிவான பாதுகாப்பு.

கைப்பேசியும் அதன் பின்னும்

2000இல் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் கேமரா கைப்பேசி 0.11 மெகாபிக்சலுடன் வந்தபோது கேமரா நிறுவனங்கள் அதைப் போட்டியாகக் கருதவில்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் 1990களில் மேம்படுத்திய சீமாஸ் வகைச் சில்லு, மின்சாரம் குறைவாக எடுத்தது. சாதாரண மின்னணுச் சில்லுகள் தயாராகும் ஆலைகளிலேயே அதைச் செய்ய முடிந்தது. கைப்பேசிக்குள் கேமரா மலிவாக நுழைய இதுவே வழி.

ஜப்பானின் கேமராத் தொழில் சங்கமான சீபாவின் கணக்குப்படி டிஜிட்டல் கேமரா ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையும் சேர்ந்து 2010இல் 12 கோடியைத் தாண்டி உச்சத்தைத் தொட்டன. 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே வந்தது. வீழ்ந்ததில் பெரும்பகுதி மலிவுக் கேமராக்களே. இலாபம் குறைந்த அந்த வரிசைகளை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் பெயரை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் பிக்ஸ்ப்ரோ என்ற மலிவுக் கேமராக்களை விற்கிறது.

சில்லறைக் கடைகளிலிருந்து மறைந்த பழைய சி.சி.டி. கேமராக்களுக்கு 2020களின் தொடக்கத்தில் இளைஞர்களிடையே புதிய தேவை எழுந்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் அவை தரும் கடினமான நிறம் விரும்பப்பட்டது. அதனால் இரண்டாம் கைச் சந்தையில் விலை ஏறியது. இத்தகைய கேமரா வாங்குவோர் இரண்டு விஷயங்களில் தடுமாறுகின்றனர். எக்ஸ்.டி. அட்டை இப்போது தயாராவதில்லை. 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. தரத்துக்கு முந்தைய கேமராக்களோ 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்.டி. அட்டையைப் படிக்க மாட்டா. 32 ஜிகாபைட் அட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேமரா பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில், பழைய 1 ஜிகாபைட் அட்டையும் இரண்டு ஏ.ஏ. பேட்டரியும் போட்டால் உடனே இயங்கும் கேமராக்களும் உண்டு.